பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் நாம், பினாயில் பாட்டிலைப் பார்க்கிறோமா?

லேபிள் படிக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. கடையில் ஒரு சாக்லேட்டைக் கையில் எடுத்தால் விலையைப் பார்க்கும் முன்பே பின்பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஜெலட்டின் சேர்த்திருக்கிறார்களா, ஈ 471 என்று போட்டிருக்கிறதா, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கப் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. பொடி எழுத்தைப் படிப்பதற்காகக் கடையிலேயே கண்ணாடியைத் தேடும் பெரியவர்களும் உண்டு.

அதே கூடையில் கழிவறை கழுவும் திரவம், கொசுவிரட்டி, எலி மருந்து, தலைச்சாயம் எல்லாம் கிடக்கும். அவற்றை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. வயிற்றுக்குள் போகிற பொருள் இல்லையே என்று நினைக்கிறோம். ஆனால் அவை கண்ணில் தெறிக்கும், தோலில் ஊறும், மூச்சில் ஏறும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் வயிற்றுக்கும் போகும்.

என் உம்மா வீட்டில் பல ஆண்டுகளாகக் கழிவறை மூலையில் இரண்டு குளிர்பான பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் பினாயில், இன்னொன்றில் ஆசிட். இரண்டும் தெருவில் சைக்கிளில் வரும் வியாபாரியிடம் அளந்து வாங்கியவை. ஆசிட் பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதுதான் அந்த வீட்டின் லேபிள். நூலின் அர்த்தம் உம்மாவுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைக்குத் தெரியவில்லை. அவன் ஒரு நாள் அந்தப் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனான். நெடி தாங்காமல் கீழே போட்டதால் தரை மட்டும் வெந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று. அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது: அதே பாட்டிலில் அவன் அதுவரை குடித்ததெல்லாம் இனிப்பான பானம்.

லேபிள் என்பது அலங்காரத் தாள் இல்லை. உள்ளே இருக்கும் பொருளைப் பற்றித் தெரிந்தவர், தெரியாதவருக்கு விட்டுச்செல்லும் செய்தி அது. பொருள் வேறு பாட்டிலுக்கு மாறிய நிமிடமே அந்தச் செய்தி அறுந்துபோகிறது. சட்டம் எவ்வளவு நல்ல லேபிளைக் கட்டாயமாக்கினாலும் அது டப்பாவோடுதான் ஒட்டியிருக்கிறது, உள்ளே இருக்கும் திரவத்தோடு இல்லை.

நான்கு நிறங்கள்

கொசுவிரட்டித் திரவக் குப்பி, கரப்பான் ஸ்பிரே, எலி மருந்துப் பாக்கெட் ஏதாவது ஒன்றை இப்போதே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முனையில் நிற்கும் ஒரு சதுரம் தெரியும். அது இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்திருக்கும். மேல் பாதியில் எச்சரிக்கைச் சொல், கீழ்ப் பாதியில் ஒரு நிறம். வயலுக்கு அடிக்கும் மருந்தானாலும் வீட்டில் வைக்கும் மருந்தானாலும், பூச்சிக்கொல்லி என்று விற்கப்படும் பொருட்களுக்கு 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். இந்தச் சதுரம் லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உள்ளது.

சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அதில் மண்டை ஓடும் எலும்புகளும், விஷம் என்ற சொல்லும் இருக்கும். மஞ்சள் அடுத்த நிலை. இதிலும் விஷம் என்ற சொல் உண்டு, மண்டை ஓடு கிடையாது. நீலத்துக்கு அபாயம் என்ற சொல், பச்சைக்குக் கவனம் என்ற சொல். இந்த நிறங்களைத் தீர்மானிப்பது ஓர் அளவு: சோதனை விலங்குகளில் பாதி சாவதற்கு, உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போக வேண்டும் என்பது. 50 மில்லிகிராம் வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. கிலோவுக்கு என்பதைக் கவனியுங்கள். 60 கிலோ எடையுள்ள தகப்பனுக்கு ஒன்றும் செய்யாத அளவு, 10 கிலோ குழந்தைக்கு ஆறு மடங்கு கடுமையானது.

பச்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உணவுப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி என்றால் சைவம். நாம் அசைவம் சாப்பிடுகிறவர்களானாலும், கடையில் பச்சைப் புள்ளியைக் கண்டால் மனசு லேசாகிவிடுகிறது, இதில் மிருகக் கொழுப்பு இல்லை என்று. அந்தப் பழக்கத்தில் மருந்துப் பாக்கெட்டின் பச்சை முக்கோணத்தையும் நல்ல பொருள் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பச்சைக்கு அர்த்தம் குறைந்த நஞ்சு என்பது மட்டுமே. நஞ்சே இல்லை என்று அது சொல்லவில்லை.

எச்சரிக்கைகள் இந்தி, ஆங்கிலத்தோடு, விற்கப்படும் பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. டப்பாவுக்குள் மடித்து வைத்த துண்டுத் தாள் ஒன்றும் வரும். குப்பையில் முதலில் விழுவது அந்தத் தாள்தான். பயன்படுத்தும் முறை, நஞ்சேறியதன் அறிகுறிகள், முதலுதவி, மாற்று மருந்து எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்தத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள்.

லேபிளில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பெட்டிக்கடைகளில் விற்கும் சில கொசு ஊதுபத்திகளில் முக்கோணமும் இருக்காது, பதிவு எண்ணும் இருக்காது. மூலிகை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஒரே குச்சியில் அறையிலுள்ள கொசுவெல்லாம் செத்து விழுகிறது என்றால் அதில் எரிவது துளசியும் வேம்பும் மட்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். சட்டம் எழுதச் சொன்னது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

டப்பா மாறினால்

2013 ஜூலை 16ஆம் தேதி பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். தடயவியல் சோதனையில் உணவிலும் எண்ணெயிலும் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது தெரியவந்தது. சமையல் எண்ணெய், அந்த மருந்து முன்பு இருந்த டப்பாவில் வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. அது சிவப்பு முக்கோண மருந்து. பிள்ளைகள் சாப்பாடு கசக்கிறது என்று சொன்னதாகவும் அப்போதைய செய்திகளில் இருந்தது. அந்தப் பாத்திரத்தில் இருப்பது வெறும் எண்ணெய் இல்லை என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

நஞ்சை உணவுப் பாட்டிலில் ஊற்றுவதும், நஞ்சு டப்பாவில் உணவை ஊற்றுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். கழுவினால் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு மருந்து வந்த பிளாஸ்டிக் கேனைத் தண்ணீர் பிடிக்க எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் ஊறியது கழுவினாலும் போகாது. பூச்சிமருந்து டப்பாவை ஓட்டை போட்டு, நசுக்கி ஒழிக்க வேண்டும்.

எலி மருந்து ஒன்றல்ல

கடையில் போய் எலி மருந்து கொடுங்கள் என்று கேட்கிறோம். கடைக்காரர் ஏதோ ஒன்றை எடுத்துத் தருகிறார். அந்த ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நஞ்சுகள் இருக்கின்றன. கேக் வடிவில் வரும் புரோமாடியலோன் வகை, ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. அறிகுறி தெரியவே சில நாட்கள் ஆகலாம், ஆனால் வைட்டமின் கே என்ற மாற்று மருந்து இருக்கிறது. பசை வடிவில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலைத் தாக்குகிறது. அதை உட்கொண்டவருக்கு முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, பிறகு எல்லாம் சரியானதுபோல் ஓரிரு நாட்கள் நன்றாக இருப்பார். வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று தோன்றும். அதன்பிறகுதான் ஈரல் செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. துத்தநாக பாஸ்பைடும் அலுமினியம் பாஸ்பைடும் ஈரம் பட்டால் பாஸ்பின் என்ற நச்சு வாயுவை வெளியிடுகின்றன. அதற்கும் மாற்று மருந்து இல்லை.

மருத்துவமனையில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி என்ன மருந்து என்பதுதான். எலி மருந்து என்று பதில் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பாக்கெட்டைக் கையில் கொடுத்தால் முக்கியமான பாதி தெரிந்துவிடும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித் தொல்லைக்காக ஆள் வைத்து வீட்டுக்குள் மருந்து போட்ட பிறகு, ஏசி அறையில் தூங்கிய குடும்பத்தினர் பாதிக்கப்பட்டு இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பூச்சி ஒழிப்பு ஆட்கள் வரும்போது மருந்து பெரும்பாலும் அவர்கள் பையில், அவர்கள் டப்பாவில் வரும். வீட்டுக்காரர் கண்ணில் லேபிள் படுவதே இல்லை. காசு கொடுப்பது நாம், அந்த அறையில் தூங்கப்போவது நம் பிள்ளைகள். என்ன மருந்து, பாக்கெட்டைக் காட்டுங்கள், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், ஏசி போடலாமா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பாக்கெட்டைச் செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுக்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

வளைகுடாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். அங்கே அடுக்குமாடிகளில் மூட்டைப்பூச்சித் தொல்லைக்குக் கள்ளத்தனமாக விற்கப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு. கிடங்குகளில் தானியத்தைக் காப்பதற்கான அந்தப் பொருளை வீடுகளில் பயன்படுத்த அமீரகத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் யாரோ ஒருவர் தன் அறையில் மாத்திரையை வைத்துப் பூட்டிவிட்டுப் போக, சுவர் இடுக்கு வழியாகவும் ஏசி குழாய் வழியாகவும் வாயு கசிந்து பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. தாளில் மடித்து, பெயரில்லாமல் கைமாறும் மாத்திரையை யார் தந்தாலும் வாங்காதீர்கள். அறை நண்பர் வாங்கி வந்தாலும் வைக்க விடாதீர்கள்.

அங்கே கிடங்கிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் வேலை செய்யும் சகோதரர்கள் டிரம்களில் வேறு ஒரு குறியைப் பார்த்திருப்பார்கள்: சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரம், வெள்ளைப் பின்னணி, கறுப்புப் படம். ஐக்கிய நாடுகள் சபை 2003ல் வெளியிட்ட உலகப் பொது முறை அது. மொத்தம் ஒன்பது படங்கள். தீச்சுடர், மண்டை ஓடு போன்றவை பார்த்தாலே புரியும். கை மீதும் உலோகம் மீதும் திரவம் சொட்டும் படம் அரிக்கும் பொருளைக் குறிக்கிறது. ஆச்சரியக்குறி, எரிச்சல் போன்ற ஓரளவு குறைந்த கேடு. பலருக்குப் புரியாமல் போவது மார்பில் நட்சத்திரம் வெடித்ததுபோல் இருக்கும் மனித உருவம். அது உடனே தெரியாத கேட்டைச் சொல்கிறது: புற்றுநோய், கருவுக்குப் பாதிப்பு, நுரையீரல் சேதம். தினமும் கையாளுகிறவருக்கு மண்டை ஓட்டைவிட அந்த உருவம்தான் அதிகம் பொருந்தும். படத்தோடு ஒரு சொல்லும் வரும். டேஞ்சர் என்றால் கடுமை அதிகம், வார்னிங் என்றால் அதற்கு அடுத்தது. பெரிய கேனிலிருந்து சிறிய ஸ்பிரே பாட்டிலுக்கு ஊற்றினால் அதிலும் பெயரை எழுதி ஒட்டச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தாள் ஒன்று உண்டு, நான்காம் பகுதியில் முதலுதவி இருக்கும். ஐரோப்பாவில் கடுமையான பொருட்களின் டப்பாவில், பார்வையற்றவர் விரலால் தடவி அறிய மேடான ஒரு முக்கோணமும் வைக்கிறார்கள். நம் ஊருக்கு அது எப்போது வருமோ.

கழிவறையில் நடக்கும் ரசாயனம்

கழிவறை கழுவும் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரிலும் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சிலும் இருப்பது குளோரின் சார்ந்த பொருள். தனித்தனியாக இரண்டும் தங்கள் வேலையைச் செய்யும். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சிறிய கழிவறையில், ரமலானுக்கு முன்போ பெருநாளைக்கு முன்போ வீட்டைப் புரட்டிப்போட்டுக் கழுவும் நாளில், கறை போகவில்லையே என்று ஒன்றின்மேல் இன்னொன்றைக் கொட்டும்போது இதுதான் நடக்கிறது. கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, இருமல் நிற்காமல் வெளியே ஓடி வருவார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு இது உயிரோடு விளையாட்டு. மற்ற பொருட்களுடன் கலக்காதீர்கள் என்று பாட்டிலின் பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

சைக்கிள் வியாபாரியின் ஆசிட்டில் அந்த வரி இல்லை, எவ்வளவு அடர்த்தி என்றும் தெரியாது. ஆசிட் வீச்சுகளைத் தடுக்க 2013ல் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாளத்தைப் பதிவு செய்யாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. தெருவில் அது இன்னும் பாட்டிலில் அளந்து விற்கப்படுகிறது.

அந்துருண்டைக்கும் இங்கே ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் துணியை, பெட்டியில் நாப்தலீன் உருண்டையோடு வைத்திருந்து அப்படியே எடுத்துப் போர்த்துவது நம் பக்கத்தில் சாதாரணம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும். குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது வெளியே பார்த்தால் தெரியாது.

சுர்மாவும் கறுப்பு மருதாணியும்

இது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் விஷயம். ஹஜ், உம்ரா போய் வந்தவர்கள் அன்போடு கொண்டுவரும் சுர்மா டப்பாவில் பெரும்பாலும் ஊர்ப்பெயரும் அழகான படமும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது இருக்காது. இஸ்மித் என்று அறியப்படுவது ஆன்டிமனி சார்ந்த கல். பல நாடுகளில் வாங்கிச் சோதித்த சுர்மாக்களிலோ ஈய சல்பைடு என்ற வேறு தாதுவே முக்கியப் பொருளாக இருந்திருக்கிறது. இரண்டுமே சாம்பல் கலந்த கறுப்பு, இரண்டும் மினுங்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. குழந்தை கண்ணைக் கசக்கி அதே விரலை வாயில் வைக்கும்போது ஈயம் உள்ளே போகிறது. குழந்தையின் ரத்தத்தில் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மூளை வளர்ச்சியை அது மெதுவாகக் குறைக்கிறது, வலியோ காய்ச்சலோ காட்டாது. இந்தியாவில் அழகுசாதனங்களில் நிறத்துக்காக ஈயம், ஆர்சனிக் சேர்மங்களைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. உற்பத்தியாளர் முகவரியோ உரிம எண்ணோ உட்பொருள் பட்டியலோ இல்லாத டப்பா அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பி வந்தது. சுர்மா இடுவதை யாரும் விடச் சொல்லவில்லை. எந்தக் கல் என்று தெரியாததைக் குழந்தையின் கண்ணில் வைக்க வேண்டாம் என்பதுதான் விஷயம்.

மருதாணியும் அப்படித்தான். இலையை அரைத்து இட்டால் சிவக்கச் சில மணி நேரம் ஆகும், கன்னங்கரேல் என்று ஒருபோதும் ஆகாது. அரை மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோனில் பாராபினைலீன் டையமின் இருக்க வாய்ப்பு அதிகம். அது தலைச்சாயத்தில் சேர்க்கும் பொருள். அது சேர்ந்த தலைச்சாயப் பெட்டியில், முதலில் சிறு சோதனை செய்து பார்க்க வேண்டும், இமையிலும் புருவத்திலும் பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட இந்திய விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதே பொருள் கோனுக்குள் போனதும் எச்சரிக்கை காணாமல் போகிறது. பெருநாள் இரவு சிறுமியின் கையில் இட்ட கோலம், சில நாட்களில் அதே வடிவத்தில் கொப்புளமாக எழும்பலாம். ஒரு தடவை ஒவ்வாமை வந்தால் அது வாழ்நாள் முழுக்க நீடிக்கக்கூடும். பின்னாளில் தலைச்சாயம் பூசும்போது முகமே வீங்கும்.

அவசரத்தில்

யாராவது ரசாயனத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். ஆசிட் இறங்கும்போது ஒரு முறை சுட்ட தொண்டையை, ஏறும்போது இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெயும் தின்னரும் வாந்தியின்போது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இமையைத் திறந்து 15 நிமிடமாவது கழுவிவிட்டுப் புறப்படுங்கள். வாயு என்றால் முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். தமிழ்நாட்டில் 108க்கு அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. எதிர்முனையில் இருப்பவரும் பெயரைத்தான் கேட்பார். பாட்டிலையோ பாக்கெட்டையோ உள்ளே இருந்த துண்டுத் தாளையோ, எது கிடைக்கிறதோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.

உம்மா வீட்டு மூலையில் இப்போது கடையில் வாங்கிய பாட்டில்தான் இருக்கிறது, லேபிளோடு, எட்டாத உயரத்தில். சிவப்பு நூலைப் பழக்கத்தில் அதன் கழுத்திலும் கட்டிவைத்திருக்கிறார்.